கனமான பை குளிரைத் தடுக்குமா?

மாணவர்களே, வெயிலுக்கும் மழைக்கும் பழகிய நமக்குக் குளிர் என்றாலே ஒரு பயம். அதனால் கினாபாலு மலைக்குச் செல்லும் பலர், வீட்டிலுள்ள தடித்த துணிகளையெல்லாம் பைக்குள் திணித்துவிடுகிறார்கள். இரண்டு ஜீன்ஸ், நான்கு பருத்திச் சட்டை, ஒரு பெரிய துவாலை. பை கனத்துவிடும். ஆனால் அந்தக் கனம் உங்களைக் காக்காது. மாறாக, அதுவே உங்களைக் குளிரில் நடுங்க வைக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

உச்சியில் எவ்வளவு குளிர்?

சபாவில் உள்ள கினாபாலுவின் உயரம் 4,095 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கடற்கரையில் 30 டிகிரி என்றால் உச்சியில் ஏறக்குறைய 3 டிகிரிதான். பெரும்பாலோர் சூரிய உதயத்தைக் காண இருட்டிலேயே ஏறுகிறார்கள். அந்த நேரத்தில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கலாம். இரவு தங்கும் பானலாபானுக்கு மேலே மரங்கள் குட்டையாகி, பிறகு மறைந்தேவிடும். மிஞ்சுவது வெறும் கருங்கல் பாறை. காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

சுமையும் வியர்வையும்

நடை தொடங்கும் திம்போஹோன் வாயிலிலிருந்து பானலாபான் வரை சுமார் 1,400 மீட்டர் ஏற்றம். தேவையற்ற 5 கிலோவைச் சுமந்தால், அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 5 × 9.8 × 1,400, அதாவது ஏறக்குறைய 69 கிலோ ஜூல் வேலை செய்ய வேண்டும். நம் தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு, சுமார் 200 கிலோ ஜூல், உடலில் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற உடல் வியர்க்கிறது.

இயற்பியல் பாடத்தில் 'ஹாபா பெண்டாம்' படித்திருப்பீர்கள். அதுதான் உள்ளுறை வெப்பம். 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோ ஜூல் வெப்பம் தேவை. நடக்கும்போது இது நன்மையே. ஆனால் நீங்கள் ஓய்வெடுக்க உட்கார்ந்த பிறகும் நனைந்த சட்டை வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சட்டையில் தங்கிய 100 கிராம் ஈரம் உங்கள் உடல் வெப்பத்தாலேயே காய்வதாக வைத்துக்கொள்வோம். அது எடுத்துக்கொள்ளும் 240 கிலோ ஜூல், 50 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலையை 1 டிகிரிக்கு மேல் குறைக்கப் போதுமானது. அதை ஈடுசெய்யத்தான் உடல் நடுங்குகிறது.

வெதுவெதுப்பைத் தருவது காற்று

துணி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே சிக்கிய காற்றுதான் உடல் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. துணி நனைந்தால் அந்த இடைவெளிகளில் நீர் புகுந்துவிடும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி நீரை நிறைய உறிஞ்சி, மெதுவாகக் காயும். ஜீன்ஸையும் பருத்திச் சட்டைகளையும் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

மூன்று மெல்லிய அடுக்குகள் போதும். உள்ளே விளையாட்டு ஜெர்சி போன்ற பாலியெஸ்டர் சட்டை, நடுவில் ஃபிளீஸ், வெளியே நீர்புகா மழைச்சட்டை. பறவை இறகு நிரப்பிய சட்டை இன்னும் இலேசானதுதான். ஆனால் நனைந்தால் இறகுகள் ஒட்டிக்கொண்டு காற்றை இழந்துவிடும். மழை அதிகமுள்ள கினாபாலுவுக்கு ஃபிளீஸ் பாதுகாப்பானது. மழைச்சட்டை காற்றையும் தடுக்கும். இப்படி ஒரே பொருளுக்கு இரண்டு வேலை கொடுப்பதே எடையைக் குறைக்கும் சிறந்த வழி. தண்ணீரும் லிட்டருக்கு 1 கிலோ. வழியில் எங்கே நிரப்பலாம் என்று மலை வழிகாட்டியிடம் கேட்டுத் திட்டமிடுங்கள்.

இவற்றைக் குறைக்காதீர்கள்

மழைச்சட்டை, கையுறை, தொப்பி, தலைவிளக்கு, நெகிழிப் பையில் கட்டிய ஒரு காய்ந்த உள்சட்டை ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்து. நண்பர் விடாமல் நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உச்சி எங்கும் ஓடிவிடாது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று குவளைகளில் சம அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைக் காய்ந்த துணியாலும் இன்னொன்றை ஈரத் துணியாலும் சுற்றுங்கள். மூன்றாவதை ஈரத் துணியால் சுற்றி, அதன்மேல் நெகிழிப் பையை இறுக்கிக் கட்டுங்கள். மூன்றையும் மின்விசிறியின் முன் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எந்தக் குவளை முதலில் ஆறுகிறது? அடுத்த முறை பையில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை அந்த வரைபடமே சொல்லும்.