ஸ்க்ரூவைக் கழற்று, கொண்டாட்டம் ஆரம்பம்!

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் வருகிறவர்கள் நேராகப் பீமன் அருவிக்குப் போவார்கள். நீங்கள் ஒரு நிமிஷம் எங்கள் வீட்டு மேசைப் பக்கம் வாருங்கள்! செய்தித்தாள் விரித்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் கிராஸ்ஹாப்பர். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த ரிமோட் கார். சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா வாங்கி வந்தது. ஜவ்வாது மலைச் செம்மண்ணில் ஆட்டம் போட்டுவிட்டுப் பரணில் தூங்கியது. இன்றைக்கு எழுப்புகிறோம்!

கடையில் வாங்கும்போதே இது முழு கார் இல்லை, பெட்டி நிறையப் பாகங்கள். வாங்கியவரே கோத்து முடிக்க வேண்டும். கோத்ததை அவிழ்க்கலாம் இல்லையா? இத்தனை வருஷம் கழித்தும் இது பிழைக்கக் காரணம் அதுதான்!

முதலில் பேட்டரி, மோட்டார், ரிசீவர், சர்வோ எல்லாம் வெளியே. ஜப்பான் ஸ்க்ரூவின் தலைப்பள்ளத்தில் நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சரியாக உட்காராது, வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். அதற்கென்றே ஜப்பான் தரப்படி செய்த ஜேஐஎஸ் முனை உண்டு. காய்ந்த மண்ணைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அடிச்சட்டத்துக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ். தின்னர் மட்டும் கிட்டவே வரக்கூடாது, பிளாஸ்டிக் பாடி கரைந்துவிடும்.

இப்போது கியர் பெட்டி. திறந்ததும் பாருங்கள், கிரீஸும் மண்ணும் சேர்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி! பல் பல்லாகத் துடைத்துப் புது கிரீஸ் வைத்ததும் சக்கரம் விரல் பட்டாலே சுழல்கிறது. பழைய பிளாஸ்டிக் புஷ் இருந்த இடத்தில் குட்டி பால் பேரிங் போட்டால் இன்னும் சுகம்.

ரிமோட்டின் பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? அது கசிந்த காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். காருக்குள் இருக்கும் வேகக் கட்டுப்பாட்டின் கறுத்த செப்புத் தகட்டை ரப்பரால் தேய்த்தால் பளபளக்கும்.

திரும்பப் பூட்டுவதில்தான் உள்ளூர் ரகசியம்: ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ‘டிக்’கென்று பழைய மரையில் விழும். அதன்பிறகு முடுக்குங்கள். நேராக முடுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டி, பிடிப்பே போய்விடும்.

டயர் வெடித்திருந்தாலும் கவலையில்லை. 2005-இல் டாமியா இதே காரை மறுபடி வெளியிட்டதால் புதுப் பாகங்கள் பொருந்துகின்றன.

உங்கள் பரணிலும் ஒன்று இருக்கிறதா? இன்றைக்கே இறக்கி, முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றுங்கள். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், காட்மியம் விஷம். மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். காரை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்!