கரிசல் நாடக மேடையும் இசைத்தட்டும்: விசுவநாததாஸ், பாஸ்கரதாஸ் பாடல்களை முன்வைத்து

புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டு, அதனைப் பரப்பும்பொருட்டுப் பாடகர் ஊர்தோறும் கச்சேரி நிகழ்த்துவது இன்றைய வெகுசன இசையின் நடைமுறை. இங்குப் பதிவு முதலாவது. பயணம் அதற்குத் துணை. 1920, 1930களில் அருப்புக்கோட்டை, திருச்சுழி உள்ளிட்ட கரிசல் வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த இசை நாடகத்தை நோக்கின், இவ்வரிசை தலைகீழாக அமையக் காணலாம்.

மானாவாரி வெள்ளாமை வீடு சேர்ந்து, கையில் காசும் ஓய்வும் உள்ள பங்குனி, சித்திரைத் திங்கள்களே அம்மன் கோயில் பொங்கலுக்கும் நாடகத்துக்கும் உரிய பருவம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தனித்தனியே அமர்த்தப்பெற்ற நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திப்பர். 'ஸ்பெஷல் நாடகம்' என வழங்கிய இம்முறை, சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' போன்ற பனுவல்கள் அனைவர்க்கும் மனப்பாடமாக இருந்தமையால் இயன்றது. கதை தெரிந்ததே ஆதலின், இடையே புதுப்பாடலைச் செருகவும் இடம் கிடைத்தது.

சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ் (1886–1940) இவ்விடத்தை நன்கு பயன்கொண்டார். தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கு பாடப்படும்போது அஃது எவரைச் சுட்டிற்று என்பதை அவையோர் அறிவர், காவலரும் அறிவர். அவர் பலமுறை சிறை சென்றார். மேடைக்குரிய தேசியப் பாடல்கள் பலவற்றை இயற்றியவர், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே நாகலாபுரத்தில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952).

அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். மேடையிலோ 'ஒன்ஸ்மோர்' எழுந்தால் பாடல் வளரும். ஊருக்கேற்பச் சொல்லும் மாறும். தட்டில் புனமும் இல்லை, வள்ளியும் இல்லை. கொக்கு வெறும் கொக்காகிவிடக்கூடும். எனினும் சாவி கொடுத்து இயக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. மின்கம்பம் எட்டாத ஊரிலும் தட்டு ஒலித்தது. கேட்டோர் நடிகரின் வரவை எதிர்நோக்கினர். அவ்வகையில் தட்டு, நாடகத்துக்கு முன்னோடும் தண்டோரா எனலாம்.

இசைத்தட்டுப் பட்டியல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் மட்டும் கொண்டு இப்பாடல்களின் பொருளை வரையறுப்பது பொருந்தாது. அச்சாகியுள்ள பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவற்றோடு ஒப்புநோக்குதல் வேண்டும். அரசு இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்திருந்தது போலும்: 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துச் சட்டம் தடைக்குரியதாகக் கொண்டது ஏட்டை அன்று, நிகழ்த்துதலை.