காட்டுக்குப் போகுமுன்...

காட்டு விலங்குகளைக் காண ஆப்பிரிக்காவுக்குத்தான் போகவேண்டும் என்றிருந்தேன். சென்ற விடுமுறையில் பொள்ளாச்சி வழியே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலுள்ள டாப்சிலிப் சென்றேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கும் காட்டுக்கும் முதலில் சென்றவன் நானே. பனியன் கம்பெனியில் தைக்கும் அப்பா எடுத்துக்கொடுத்த புது வெள்ளைச் சட்டை. அதன்மேல் கமகமவென்று சென்ட்! உடன் வந்த வனக்காவலர் சிரித்தார்: "தம்பி, யானைக்குக் கண் மங்கல், மூக்குத்தான் கூர்மை." அன்று யானை வரவேயில்லை.

முதன்முறை செல்லும் நண்பர்களே, மண்ணிறமோ இலைப்பச்சையோ உடுத்துங்கள். வாசனை பூசாதீர்கள். வண்டியை விட்டு இறங்காதீர்கள். பேச்சைக் குறையுங்கள், புள்ளிமான் திடீரெனக் குரலெழுப்பினால் அருகே புலியோ சிறுத்தையோ இருக்கலாம். குரங்குக்குத் தீனி போடாதீர்கள்; பழகிய குரங்கு சாலைக்கு வந்து அடிபட்டுச் சாகும்.

நம் தாராபுரத்தைத் தொட்டோடும் அமராவதிக்கு நீர் தருபவை அந்த மலைக்காடுகளே. வீட்டுக் கிணற்றைப்போல் அவற்றைக் காப்போம்.