குடித்தவனுக்குத் தண்டனை; கொடுத்தவனுக்கு?

பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையூர்களில் அந்தி வேளையில் நடப்பதை அறியாதார் இலர். வயல் வேலை முடித்துக் கூலி வாங்கியவர்களில் ஒரு சாரார் நேரே டாஸ்மாக் கடையை நாடுகின்றனர். கால் தள்ளாடி நாக்குழறும் நிலையில் ஒருவன் மீண்டும் அதே கம்பி ஜன்னலண்டை வந்து பணத்தை நீட்டுகிறான். உள்ளிருந்து மற்றொரு பாட்டில் வருகிறது. பிறகு அவன் மோட்டார் சைக்கிளேறி வண்ணார்பேட்டையை அடையும்போதுதான் சட்டம் கண் விழிக்கிறது.

விழித்த சட்டம் கடுமையானதே. வண்டி ஓட்டுபவனுடைய 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதற் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பொது இடத்தில் போதையுடன் காணப்படுவதும் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றமே. இவற்றை நாம் குறை கூறவில்லை. நிலை தவறியவன் என்று தெரிந்தும் அவன் கையில் மேலும் மதுவைக் கொடுத்தவனை யார் கேட்பது என்பதே நம் கேள்வி.

இங்கிலாந்தில் 1872-லேயே இக்கேள்விக்கு விடை கண்டனர். வெறியிலிருப்பவனுக்கு மது விற்கும் கடைக்காரனுக்கு முதல் முறை பத்துப் பவுன் வரை அபராதம் என்று சட்டம் செய்தனர். 'வாங்கியவன் போதையிலிருந்ததை நான் அறியேன்' என்று கண்டி என்னும் கடைக்காரர் 1884-ல் வாதாடினார். அறியாமை சமாதானமாகாது, ஆளைக் கவனிப்பது விற்பவன் கடமை என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புரைத்த நீதிபதி ஸ்டீபன், நம் தேசத்தில் 1872 முதல் 2024 வரை அமலிலிருந்த சாட்சியச் சட்டத்தை வகுத்தவரேயாவார். இன்றும் அந்நாட்டுக் கடைக்காரர் அபராதத்தினும் மிகுதியாக அஞ்சுவது, ஸ்தல ஸ்தாபனத்தார் லைசென்ஸைப் பறித்துவிடுவார்களே என்பதற்குத்தான்.

திருநெல்வேலியில் யாருடைய லைசென்ஸைப் பறிப்பது? 1983-ல் மொத்த வியாபாரத்திற்கென ஏற்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் ஏகபோகமாக நடத்தி வருகிறது. விற்பவர் சர்க்கார், விற்பனையைக் கண்காணிப்பவரும் சர்க்கார், விற்றுமுதல் குறைந்தால் வருமானம் இழப்பவரும் சர்க்காரே. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை குடியை ஒழிக்கச் செய்த சட்டமே இன்று குடி விற்பனைக்கு ஆதாரமாய் நிற்கிறது. இலாகாவின் பெயரும் மதுவிலக்கு இலாகாவே!

பொறுப்பு நழுவும் விதத்தையும் பாருங்கள். பாட்டிலைக் கொடுப்பவர் சர்க்கார் விற்பனையாளர். அதைத் திறந்து குடிக்கும் இடமோ தனியார் குத்தகை எடுத்த பார். 'மூடிய பாட்டிலை விற்றேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது' என்கிறார் முன்னவர். 'தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் சேர்க்கவுமே எனக்கு உரிமை. மது விற்றவன் நானல்லேன்' என்கிறார் பின்னவர். இருவர் சொல்வதும் மெய்யே. ஆயினும் இருவருக்கும் நடுவே ஒரு குடும்பம் அழிகிறது.

ஆகவே நாம் கோருவன மூன்று. தெளிவிழந்து வருபவனுக்கு விற்பனை இல்லை என்று ஒவ்வொரு கடையிலும் எழுதி வைத்து, மறுக்கும் விற்பனையாளருக்குப் போலீஸ் பாதுகாப்பு அளிக்க வேண்டும். தொகுப்பூதியம் பெறும் அவரைத் தனியே குடிகாரர் முன் நிறுத்திவிட்டுக் கடமையைப் பேசுவது நியாயமன்று. தன் கூரையின் கீழ் ஒருவன் நினைவு தப்பக் குடிப்பதைப் பார்த்திருக்கும் பார் குத்தகைதாரர் தம் குத்தகையை இழக்க வேண்டும். மூன்றாவது, போதையில் வண்டி ஓட்டிப் பிடிபடும் ஒவ்வொருவனையும் 'கடைசியாக எங்கே குடித்தாய்?' என்று கேட்டு எழுத வேண்டும். நியூஸீலாந்துப் போலீஸார் கையாண்ட முறை இது. அக்கணக்கு மாதந்தோறும் கலெக்டர் மேஜைக்குப் போகட்டும். எந்தக் கடையின் பெயர் அடிக்கடி வருகிறதோ அங்கே விசாரணை தொடங்கட்டும்.

இதற்குப் புதிய கமிஷன் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் மனசாட்சியும் போதும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் இரவில் காத்து நிற்கும் பெண்கள் பூரண மதுவிலக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அந்த இரண்டாவது பாட்டிலையேனும் தடுக்கும்படி சர்க்காரைக் கேட்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு.