குழாய் முனையில் நிற்பவர்: கான்கிரீட் பம்ப் விபத்துகளை எவ்வாறு வாசிப்பது?

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் மேம்பாலங்களுக்கும் மெட்ரோ தூண்களுக்கும் இன்று கான்கிரீட் தலைச்சுமையாக ஏறுவதில்லை. கலவை லாரி கொண்டுவந்து கொட்டும் கான்கிரீட்டைப் பம்ப் உந்தித் தள்ளுகிறது. எஃகுக் குழாய்களின் வழியே அது மேலேறுகிறது. கடைசி மூன்று, நான்கு மீட்டருக்கு மட்டும் வளைந்துகொடுக்கும் ரப்பர் குழாய். பணித்தளங்களில் அதற்கு ஹோஸ் என்றே பெயர். கம்பிக்கட்டின் மேல் நின்றுகொண்டு அதன் முனையைப் பிடித்து, கான்கிரீட்டைத் தேவையான இடத்துக்குத் திருப்பிவிடுபவர் பெரும்பாலும் ஒரு தினக்கூலித் தொழிலாளி. சாந்துச் சட்டி சுமந்த தலைமுறையின் பிள்ளைகளையே நாங்கள் அந்த முனையில் அதிகம் காண்கிறோம். அவர்களோடு, வட மாநிலங்களிலிருந்து வந்த தலித், பழங்குடி இளைஞர்களையும் காண்கிறோம். இயந்திரம் வந்தது, அதன் ஆபத்தான முனை மட்டும் பழைய கைகளிலேயே இருக்கிறது.

பம்ப்பை இயக்குபவர் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பார். ஹோஸ் பிடிப்பவரோ உள்ஒப்பந்ததாரருக்குக் கீழே, மேஸ்திரிக்கும் கீழே, ஒரு குறிப்பேட்டில் பாதிப் பெயராக இருப்பார். அவர் இறந்தாலோ கண்ணை இழந்தாலோ தொடரப்படும் இழப்பீட்டு வழக்குகளில், எதிர்த்தரப்பின் பதிலுரையில் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தையே நாங்கள் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம்: தொழிலாளி கவனக்குறைவாகக் குழாயைப் பிடித்திருந்தார். இந்த வாக்கியத்தைச் சட்டப் பிரிவுகளை மட்டும் கொண்டு உடைத்துவிட முடியாது. அந்தக் குழாய் எவ்வாறு இயங்குகிறது, எந்தச் சூழலில் மனிதனை அடிக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். உண்மை அறியும் குழுக்களில் செல்லும் தோழர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் அதை விளக்க முயல்கிறோம்.

கான்கிரீட்டை அழுத்திச் சுருக்க முடியாது. காற்றைச் சுருக்க முடியும். எல்லாச் சிக்கலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. பம்ப்பின் ஹாப்பரில் கலவையின் மட்டம் தாழ்ந்துபோனால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். வேலையின் தொடக்கத்தில் குழாய்த்தொடர் வெறுமையாக இருக்கும்போதும், அடைப்பை எடுப்பதற்காகக் குழாயைக் கழற்றி மீண்டும் பூட்டிய பிறகும் உள்ளே காற்று இருக்கும். பின்னால் வரும் கான்கிரீட் அக்காற்றைச் சுருள்வில்லைப் போல் இறுக்குகிறது. இறுகிய காற்று ரப்பர் குழாயின் வாயை நெருங்கியதும் ஒரே கணத்தில் விரிந்து, தனக்கு முன்னால் இருக்கும் கான்கிரீட்டை வெடித்துத் தள்ளுகிறது. அதன் எதிர்விசையில், வளைந்து தொங்கிய ஹோஸ் சாட்டையைப் போலச் சுழன்றடிக்கிறது. குழாயில் ஏற்பட்ட அடைப்பு அழுத்தம் தாங்காமல் திடீரென விடுபடும்போதும் இதுவே நிகழ்கிறது.

இந்த விசையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பரவலாகப் பயன்படும் ஹோஸின் உள்விட்டம் 125 மி.மீ. அதன் ஒரு மீட்டர் நீளத்தில் நிறையும் கான்கிரீட்டின் எடை சுமார் 30 கிலோ. மூன்று மீட்டர் ஹோஸ் என்றால் ரப்பரின் எடையைச் சேர்க்காமலேயே 90 கிலோவை நெருங்கும். அந்த வாயை ஓர் அடைப்பு மூடியிருக்கும் நிலையில், உள்ளே வெறும் 10 பார் அழுத்தம் இருந்தால்கூட அடைப்பின் மீது ஏறத்தாழ ஒன்றேகால் டன் விசை இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர், கம்பிகளுக்கு இடையில் கால் சிக்கிய நிலையில் இதை ‘கவனமாக’ப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இறுகப் பிடித்திருந்தால் அவர் குழாயோடு சேர்ந்து தூக்கி எறியப்பட்டிருப்பார். கூரைத் தளத்தின் விளிம்பில் நின்றிருந்தால் கீழே விழுந்திருப்பார். கவனம் என்னும் சொல்லுக்கு இங்கே பொருளே இல்லை. விபத்தைத் தடுக்கக்கூடிய முடிவுகள் அனைத்தும் அவர் குழாயைத் தொடுவதற்கு முன்பே வேறு யாராலோ எடுக்கப்பட்டுவிடுகின்றன.

அம்முடிவுகளில் முதலாவது, எந்தக் குழாயை வாங்குவது என்பது. கலவையில் உள்ள மிகப் பெரிய ஜல்லியைப் போல் குறைந்தது மூன்று மடங்கு உள்விட்டம் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 20 மி.மீ. ஜல்லிக்கு 60 மி.மீ. என்பது கடைசி எல்லை. அதற்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அடைப்பு குறையும். கைக்கு இலகுவாக இருக்கிறது என்று பெரிய எஃகுக் குழாயின் முனையில் ஒடுங்கிய ஹோஸைப் பூட்டுவது வழக்கமாக இருக்கிறது. ஒடுங்கும் அந்த இடத்தில்தான் ஜல்லி நெருக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தம் அங்கேதான் ஏறும்.

அடுத்தது அழுத்தத் தாங்குதிறன். கான்கிரீட்டுக்கென்றே தயாரிக்கப்படும் ஹோஸின் மேற்புறத்தில் அது தாங்கக்கூடிய பணி அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். 85 பார் என்னும் குறியீட்டைப் பல குழாய்களில் காணலாம். வெடிக்கும் அழுத்தம் பணி அழுத்தத்தைப் போல் குறைந்தது இரு மடங்காவது இருக்க வேண்டும். பம்ப் உண்டாக்கக்கூடிய உச்ச அழுத்தத்தை விடக் குழாயின் எண் குறைவாக இருந்தால் அந்தக் குழாய் அந்த இடத்துக்கு உரியதன்று. எண்ணே தேய்ந்து மறைந்துபோன குழாயைப் பற்றி என்ன சொல்வது? அது எதைத் தாங்கும் என்பதை உரிமையாளராலும் சொல்ல முடியாது. தண்ணீர் உறிஞ்சவோ சேறு இறைக்கவோ செய்யப்பட்ட குழாயைக் கிளாம்ப் போட்டு இழுத்துக் கட்டிப் பயன்படுத்துவது இன்னும் கொடிது. தோற்றத்தில் இரண்டும் கறுப்பு ரப்பர்தான். ஆனால் கான்கிரீட் குழாயின் உட்சுவர் ஜல்லியின் உராய்வைத் தாங்கும்படி தடித்திருக்கும். அதைச் சுற்றி எஃகுக் கம்பியாலோ வலுவான நூலாலோ பின்னிய அடுக்குகள் இருக்கும். கம்பிப் பின்னல் உயர் அழுத்தத்துக்கு ஏற்றது. ஆனால் லாரி ஏறி நசுங்கினாலோ மடிந்தாலோ அது பழைய வடிவத்துக்குத் திரும்பாது. நூல் பின்னல் எடை குறைந்தது, கையாள எளிது.

மூன்றாவதாக முனையைப் பார்க்க வேண்டும். தொழிலாளி பிடிக்கும் கடைசிக் குழாயின் நுனியில் எந்த உலோகப் பொருத்தும் இருக்கக் கூடாது. சுழலும் குழாயின் நுனியில் எஃகு வளையம் இருந்தால் அது சம்மட்டியாக மாறி மண்டையோட்டைப் பிளக்கும். பம்ப் தயாரிப்பாளர்களின் கையேடுகள் இதைத் தெளிவாகத் தடைசெய்கின்றன. ஆயினும், இரு முனையிலும் இணைப்பு வளையம் உள்ள குழாயைக் கடைசிக் குழாயாகத் தொங்கவிடுவதைப் பல தளங்களில் பார்க்கலாம். தனியாக ஒரு முனைக்குழாய் வாங்கும் செலவு மிச்சமாகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. கையெட்டாத இடத்துக்காக ஒரு ஹோஸுடன் இன்னொன்றை மாட்டி நீட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. நீளம் கூடக்கூடச் சாட்டையும் நீளும்; பூம் தாங்க வேண்டிய எடையும் கூடும்.

பழைய குழாய் தன் கதையைத் தானே சொல்லும். வெளிச்சுவர் வெடித்துப் பின்னல் தெரிவது, ஒரு பக்கம் புடைத்திருப்பது, விரலால் அழுத்தினால் ஓரிடம் மட்டும் மெத்தென்று அமுங்குவது, உலோகப் பொருத்துக்குள்ளிருந்து ரப்பர் சற்றே வெளியே நழுவியிருப்பது: இவற்றுள் ஒன்று இருந்தாலும் குழாய் கழிக்கப்பட வேண்டும். உட்சுவர் தேய்மானம் வெளியே தெரியாது. விளக்கடித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். கிளாம்ப்புகள் பூட்டப்பட்ட பிறகு அவற்றின் பூட்டு ஊசி செருகப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் ஹோஸ் கழன்று விழாமலிருக்கப் பூமுடன் தனியே ஒரு சங்கிலியோ கயிறோ கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இனி, பயன்படுத்தும் முறை. பம்ப்பைத் தொடங்கும்போதும், நிறுத்தி மீண்டும் தொடங்கும்போதும் ஹோஸ் முனையின் அருகில் யாரும் நிற்கலாகாது. முனைக்குழாயின் நீளத்தைப் போல் இரு மடங்கு விட்டமுள்ள வட்டம் ஆபத்துப் பகுதி என்று கையேடுகள் வரையறுக்கின்றன. அதாவது, குழாய் நான்கு மீட்டர் என்றால் அது தொங்கும் இடத்திலிருந்து எப்பக்கமும் நான்கு மீட்டர் விலகியிருக்க வேண்டும். கான்கிரீட் விட்டுவிட்டு வராமல் சீராக வழியத் தொடங்கி, குழாயின் ஆட்டம் அடங்கிய பிறகே அருகில் செல்லலாம். அதன் பின்னரும் குழாயை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதோ தோளில் தாங்குவதோ வாயினுள் எட்டிப் பார்ப்பதோ கூடாது. ஓட்டத்தை நிறுத்துவதற்காக ஹோஸை மடக்குவதும் கூடாது. ‘கொஞ்சம் மடக்கிப் பிடிடா’ என்று மேலிருந்து குரல் கொடுக்கும் மேற்பார்வையாளர் உண்மையில் ஓர் அடைப்பை உருவாக்கச் சொல்கிறார்.

அடைப்பு ஏற்பட்டால் முதலில் பம்ப்பைப் பின்னோக்கி இயக்கி அழுத்தத்தை இறக்க வேண்டும். அழுத்தம் இறங்காத குழாயில் கிளாம்ப்பைத் தட்டிக் கழற்றியவர்களே முகத்தில் அடிபட்டுப் பார்வை இழக்கிறார்கள். வேலை முடிந்து, காற்றழுத்தத்தால் குழாய்த்தொடரைச் சுத்தம் செய்வது இதைவிட ஆபத்தானது. அதற்கு முன் முனை ஹோஸைக் கழற்றிவிட்டு, பஞ்சுப் பந்தைப் பிடிக்கும் கூடையைப் பூட்ட வேண்டும். மாலை மங்கி, எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் நடக்கும் வேலை இது. மின்கம்பிக்கு அருகில் பூம் விரியும் இடங்களில் ஆபத்து இரட்டிப்பாகிறது. பூம் கம்பியைத் தொட்டால், ஈரக் கான்கிரீட்டில் நின்று ஹோஸைப் பிடித்திருப்பவரின் உடல் வழியே மின்சாரம் தரைக்கு இறங்கும்.

சட்டம் இவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-இன் கீழ் 1998இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளில் கான்கிரீட் பணிக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. பம்ப் குழாய் அதன் முனையிலும் ஒவ்வொரு வளைவிலும் உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும். உச்சிக்கு அருகில் காற்றை வெளியேற்றும் வால்வு வேண்டும். பம்ப்பின் இயக்கம் நிலையான சைகைகளால் நெறிப்படுத்தப்பட வேண்டும். பம்ப்பைச் சுற்றி வேலை செய்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. முனையில் நிற்பவருக்கும் கீழே பம்ப்பை இயக்குபவருக்கும் பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அவர்களுக்கு ஒரு பொது மொழியும் இல்லாதபோது, சைகை பற்றிய விதியே உயிரைக் காக்கும் விதி. அதை மீறியவர் தொழிலாளி அல்லர் என்பதைக் குறுக்கு விசாரணையில் நிறுவ முடியும்.

1996ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு 2020-க்குள் கரைக்கப்பட்டிருக்கிறது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்ப்பதற்கான காரணங்களில் நமக்கும் உடன்பாடு உண்டு. எனினும் அதன் 14ஆம் பிரிவைப் பயன்படுத்தாமல் விட வேண்டியதில்லை. தன் பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறவும், உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சினால் அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கவும் அது தொழிலாளிக்கு உரிமை அளிக்கிறது. இந்த ஹோஸின் பணி அழுத்தம் என்ன, எப்போது வாங்கப்பட்டது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று சங்கத்தின் துணையோடு எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் அந்தக் கடிதமே பிற்காலத்தில் சான்றாகும்.

விபத்து நடந்த பின் செல்பவர்கள் முதலில் ஹோஸைத் தேட வேண்டும். பல நேரங்களில் அது மறுநாளே தளத்தை விட்டு மறைந்துவிடுகிறது. அதன் நீளம், நுனியில் உலோகம் உண்டா இல்லையா, பொறித்த எழுத்துகள், கிளாம்ப்பின் ஊசி ஆகியவற்றைப் படமெடுத்து, காவல்துறை அதைக் கைப்பற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் மேஸ்திரியின் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. பம்ப் உரிமையாளரும் தலைமை ஒப்பந்ததாரரும் அதில் இடம்பெறக் கோர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இத்தகைய வழக்குகளில் தானாகப் பொருந்தாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். தலித் தொழிலாளியிடம், தலித்தோ பழங்குடியினரோ அல்லாத ஒருவர் கட்டாய உழைப்பு வாங்கியிருந்தாலோ, பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியிருந்தாலோ அதைத் தனியாகப் பதிவு செய்யலாம். இல்லாததைச் சேர்த்தால் இருக்கும் வழக்கும் பலவீனப்படும்.

இழப்பீட்டில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாற்றப்படுகின்றன. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, குடித்திருந்தார், கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்னும் வாதங்கள், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்ட வழக்கில் முதலாளியைக் காப்பாற்றாது. தொழிலாளியை அனுப்பியவர் உள்ஒப்பந்ததாரர் என்றாலும், 12ஆம் பிரிவின்படி முதன்மை முதலாளியே பொறுப்பு. 2025 நவம்பர் 21க்குப் பின் நேர்ந்த விபத்துகளுக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-இன் ஏழாம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். நலவாரியம் தரும் உதவித்தொகை வேறு, இந்த இழப்பீடு வேறு. ஒன்றை வாங்கியதால் மற்றது இல்லாமல் போகாது.

பிணவறை வாசலில் சில லட்சங்களைக் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கும் வழக்கத்துக்கு வருவோம். மரண வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்றும், முதலாளி நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது என்றும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது. மூன்று மாத ஊதியத்துக்கு ஈடான முன்பணம் மட்டுமே விலக்கு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கலங்கி நிற்கும் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டாம். இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.