மூன்று வழிச் சந்தியில் கணிப்பொறி

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது முதலில் தன்மைகாட்டியைக் கணக்கிடுகிறோம் அல்லவா? அது குறை எண்ணானால் மெய் மூலங்கள் இல்லை. பூச்சியமானால் இரு மூலங்களும் சமம். மிகை எண்ணானால் வெவ்வேறான இரு மெய் மூலங்கள் உண்டு. இம்மூன்று நிலைகளையும் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது?

ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறிக்காக ஜான் பேக்கஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வெளிவந்தது. அதில் நம் கேள்விக்கு ஒரே வரியில் விடை இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதப்படும் அந்த ஆணையைத் தமிழ் எழுத்தில் தந்தால் இப்படி இருக்கும்:

இஃப் (டி) 10, 20, 30

'இஃப்' என்றால் 'இப்படியானால்' என்று பொருள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'டி' நமது தன்மைகாட்டி. 10, 20, 30 என்பவை கணக்கில் சேரும் எண்கள் அல்ல. வீட்டுக்குக் கதவிலக்கம் போல ஆணைகளுக்கு இடப்பட்ட அடையாள எண்கள். துளை அட்டையின் 80 பத்திகளில் முதல் ஐந்து இந்த எண்ணுக்கே உரியவை.

விதி எளியது. குறை எண்ணானால் முதல் இலக்கத்துக்கும், பூச்சியமானால் இரண்டாவதற்கும், மிகை எண்ணானால் மூன்றாவதற்கும் கணிப்பொறி செல்லும். இந்த வரிசை மாறாது. கெழுக்கள் 1, 2, 5 என்றால் தன்மைகாட்டி 4 − 20 = −16; வழி 10. கெழுக்கள் 1, 6, 9 என்றால் 36 − 36 = 0; வழி 20. கெழுக்கள் 1, 5, 6 என்றால் 25 − 24 = 1; வழி 30.

இரண்டு வழிகளே போதுமென்றாலும் மூன்று இலக்கங்களையும் எழுதியாக வேண்டும். இஃப் (டி) 10, 20, 20 என்று ஒரே எண்ணை இருமுறை எழுதலாம், விட்டுவிட முடியாது. ஆகவே, 'பூச்சியம் வந்தால் என்ன செய்வாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 10-ஆம் ஆணையை முடித்த கணிப்பொறி தானாக நிற்காது; அடுத்த வரியைத் தொடரும். 'கோ டு' என்ற ஆணையால் அதை வேறிடம் அனுப்பாவிட்டால், 'மூலங்கள் இல்லை' என்று அச்சிட்ட கையோடு 'மூலங்கள் சமம்' என்றும் அச்சிட்டுவிடும்.

தசம எண்களிலும் எச்சரிக்கை தேவை. 0.2, 0.01 போன்றவற்றை இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. பூச்சியம் வரவேண்டிய இடத்தில் மிகச் சிறிய மிச்சம் நின்றால், கணிப்பொறி நடுவழியை விட்டுப் பக்கத்து வழியில் போய்விடும்.

இலக்கங்கள் பெருகப் பெருக, எந்த வரியிலிருந்து எங்கே தாவுகிறது என்று படிப்பவர் திணறினர். ஃபோர்ட்ரான் 77-இல் 'இப்படியானால் இது, இல்லையேல் அது' என்று தொகுத்து எழுதும் முறை வந்தது. ஃபோர்ட்ரான் 2018 தரவரையறை பழைய மும்முனை ஆணையை நீக்கியே விட்டது.

புதிய முறை படிக்க எளிது. ஆனால் அது பூச்சியத்தைப் பற்றி நம்மைக் கேட்பதில்லை. 'பூச்சியத்தைவிடப் பெரிதானால் இரு மூலங்கள், இல்லையேல் மூலமே இல்லை' என்று எழுதிப் பாருங்கள்; 1, 6, 9 என்னும் கெழுக்களுக்கு விடை தவறாகும். அந்தக் கேள்வியை இப்போது நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.