குழாய்க்கும் மார்க் போடலாம்!

நமக்குப் பரீட்சை வச்சு மார்க் போடுறாங்க. அரசு தரும் சேவைக்கு யார் மார்க் போடுறது? நாமதான்!

பெங்களூரில் சாமுவேல் பால் என்பவரும் அவர் குழுவினரும் வீடு வீடாகக் கேட்டு, தண்ணீர், மின்சாரம் தரும் அலுவலகங்களுக்கு 1994-ல் மதிப்பெண் அட்டை வெளியிட்டார்கள். 1999, 2003-லும் வெளியிட்டார்கள். 2003-ல் சேவை முன்னேறியிருப்பதாக மக்களே சொன்னார்கள்.

நானும் செய்து பார்த்தேன். எங்க ஊர் திண்டுக்கல் பக்கம். குழாயில தண்ணி வராத அன்னைக்கு, தோட்டத்துக் கிணத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பிரேயர் முடிஞ்சிடும். ‘தண்ணியே வர்றதில்ல’ன்னு பொதுவா சொன்னா யாரும் காதுல வாங்குறதில்ல. அதனால 30 நாள் நோட்டுல குறிச்சேன்.

தண்ணி வந்தது: 11 நாள்
ஒரு தடவைக்குக் கிடைச்சது: 15 குடம்
ஒரு குடம்: 15 லிட்டர்
மொத்தம்: 2,475 லிட்டர்
வீட்டில்: 5 பேர்
ஆளுக்கு ஒரு நாளைக்கு: 16.5 லிட்டர்

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டப்படி, கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டராவது கிடைக்க வேண்டும். அப்படின்னா எங்க குழாய்க்கு 100-க்கு 30. பாஸ் மார்க் 35. குழாய் ஃபெயில்!

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அம்மா இதை வாசிக்கப் போறாங்க. ஆனா ஒரு வீட்டுக் கணக்கு மட்டும் பத்தாது. மேட்டுத் தெருவுல குறைவா வரும், பள்ளத் தெருவுல கூட வரும். நீங்களும் ஒரு மாசம் குறிச்சுத் தாங்க. கூடவே உண்மையை மட்டும் எழுதுங்க. நம்ம கணக்கு தப்பா இருந்தா நாமதான் ஃபெயில்!

- 9-ஆம் வகுப்பு மாணவி